முதிய பெண்மணிகளின் சினேகிதம்



பெற்றோரைப் பேணுவது பற்றி நாம் கேட்டும் படித்தும் வந்திருப்பது கொஞ்சமன்று. வெள்ளிக்கிழமை உரைகளில் கேட்கிறோம். இது போன்ற ஏடுகளில் படிக்கிறோம். வேளைக்கு உணவு, உரிய மருந்து, துவைத்த உடை, கனிந்த சொல் ஆகிய இந்நான்கும் தாய்க்குக் கிடைத்தால் மகன் தன் கடமையை முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். நானும் அவ்வாறே நினைத்திருந்தேன். ஆனால் தாயாரின் சினேகிதிகளைப் பற்றி யாரும் எழுதியதாகவோ பேசியதாகவோ எனக்கு நினைவில்லை. எண்பது வயதுக் கிழவிக்குச் சினேகிதி எதற்கு என்று கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. இக்கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. அவர்களில் நானும் ஒருவனாக இருந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தமிழ்ச் சான்றோர் நட்பைப் போற்றியதற்குக் குறைவில்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நட்புக் கொண்டனர். அதியமானுக்கும் ஔவைக்கும் இருந்த நட்பைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். பெண்ணுக்குப் பெண் நட்பென்று வரும்போது 'தோழி' என்றொரு சொல் இருக்கிறது. அந்தத் தோழியோ பெரும்பாலும் இளந்தலைவியின் காதலுக்குத் துணை நிற்பவள். தலைவிக்கு நரை விழுந்த பின்பு அவள் எங்கே போனாள் என்று நம் நூல்கள் சொல்வதில்லை. சிலப்பதிகாரத்துத் தேவந்தி ஒருத்திதான் எனக்கு நினைவுக்கு வருகிறாள். கண்ணகி மறைந்த பிறகும் அவளைத் தேடிப் புகாரிலிருந்து சேரநாடு வரை சென்று அழுதவள் அவள். கதையில் அவளுக்குக் கிடைத்த இடம் சிறிது. நடந்த தூரமோ பெரிது.

இனி, நம் மார்க்க வரலாற்றில் யாவரும் அறிந்த ஒரு செய்தி. கதீஜா நாயகி (ரலி) அவர்கள் காலமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும், ஆடு அறுக்கும்போதெல்லாம் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் அதில் ஒரு பங்கை அந்நாயகியின் சினேகிதிகளுக்கு அனுப்பி வந்தார்கள். ஒருநாள் ஒரு மூதாட்டி வந்தபோது அவரை மிகுந்த அன்போடு வரவேற்று நலம் விசாரித்தார்கள். இவ்வளவு உபசாரம் எதற்கென்று ஆயிஷா நாயகி (ரலி) வியந்து கேட்டார்கள். கதீஜா இருந்த காலத்தில் அவர் நம் வீட்டுக்கு வந்துபோனவர் என்பதே அதற்குக் கிடைத்த விடையின் கருத்து. மனைவிமாரின் உரிமை குறித்துப் பேசும்போது இச்செய்தியைச் சொல்வது வழக்கம். எனக்கோ இதில் வேறொன்று தெரிகிறது. மறைந்த ஒரு பெண்மணியின் சினேகிதிகள் யார் யார், அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த வீட்டில் தெரிந்திருந்தது. நம்மில் எத்தனை பேருக்கு நம் தாயாரின் சினேகிதிகளுடைய வீடு தெரியும்?

நிற்க. இப்போது கோல சிலாங்கூர்ப் பக்கம் வருவோம்.

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், மெலாவத்திக் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் சிற்றூர் அது. குன்றின்மேல் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது. கம்போங் குவாந்தானில் இரவு வேளையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாகச் சேர்ந்து மின்னுவதைப் பார்க்க வெளிநாட்டவரும் வருகிறார்கள். ஆனால் அந்த வட்டாரத்தை ஆக்கியவை தோட்டங்களே. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை என எங்கு திரும்பினாலும் முன்பு ரப்பர், இப்போது செம்பனை. தென்னமரம் என்று தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனைப் பயிரை நட்டார். அவர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சு நாட்டின் கோன்கூர் பரிசு கிடைத்தது. துரைமாரின் பெயர் ஏடுகளில் இருக்கிறது. பிரட்டுக் களத்தில் நின்ற பெண்களின் பெயர் அவரவர் பேரப்பிள்ளைகளின் வாயில் மட்டுமே இருக்கிறது.

பால்மரக் காலத்துப் பெண்களின் சினேகிதம் எப்படி உண்டாயிற்று என்பதை விளங்கிக்கொள்ள அவர்கள் ஒருநாளைக் கழித்த விதத்தை அறிய வேண்டும். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, இருட்டோடு பிரட்டுக்குப் போக வேண்டும். பிறகு அவரவர் நிரையில் மரம் வெட்ட வேண்டும். பக்கத்து நிரையில் வெட்டுகிறவள் யாரோ, அவளே பல வருஷங்களுக்குத் துணை. பாம்பு கண்டால் கூப்பிடுவதற்கு அவள். பேறுகால வலி கண்டால் ஓடி வருவதற்கும் அவள். பால் எடுத்து, காண்டாக் கம்பில் இரு வாளிகளையும் மாட்டி, ஸ்டோருக்குச் சுமந்து செல்லும் வழியில்தான் பேச்சு. லயத்துக்குத் திரும்பினால் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீடு. ஒரு வீட்டுத் தாளிப்பு அடுத்த வீட்டுக்கு மணக்கும். இத்தகைய வாழ்வில் சினேகிதம் என்பது யாரும் தேர்ந்தெடுத்ததன்று. அரிசிப் படியும் மண்ணெண்ணெய்ப் புட்டியும் கைமாறியதில் தானே விளைந்தது.

என் தாயார் தோட்டத்தில் வேலை செய்தவரல்லர். என் அத்தா புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். தோட்டத்து மக்களுக்குப் பற்றெழுதிச் சாமான் கொடுப்பார். ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து 1958இல், தம் இருபதாவது வயதில், என் தாயார் கப்பலேறி வந்து சேர்ந்தார். அக்காலத்தில் நம்மவர்களில் பலர் மனைவியை ஊரில் விட்டுவிட்டே பிழைக்க வந்தார்கள். ஆகவே நம் குடும்பத்துப் பெண் என்று சொல்லிக்கொள்ள அந்த வட்டாரத்தில் அவருக்கு ஒருவரும் இல்லை. கடைக்குப் பின்கட்டில் ஒரு வருஷம் அழுதுகொண்டிருந்ததாக அவரே சொல்வார்.

அப்போது பற்றுச் சாமான் வாங்க வரும் பால்வெட்டுக்காரப் பெண் ஒருத்தி, தாயாரைவிட இரண்டு வயது மூத்தவர், பின்கட்டு வாசலில் நின்று, "பாயம்மா, எதுக்கு இப்படி மூஞ்ச வீங்க வச்சிருக்கீங்க? ஒரு வாய் தண்ணி குடுங்க, பேசுவோம்" என்றாராம். அன்று தொடங்கியது. அடுத்த வருஷம் என் மூத்த சகோதரி பிறந்தபோது பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்தவர் அவரே. தாயார் அவரை அக்கா என்றழைத்தார். அவரோ 'பாயம்மா' என்று மரியாதையோடு தொடங்கி, சில வருஷங்களில் 'தங்கச்சி' என்று இறங்கி, நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் 'ஏ புள்ள' என்பதில் வந்து நின்றார். என் தாயாரை அப்படி அழைக்க இந்நாட்டில் வேறு எவருக்கும் வாய் வந்ததில்லை.

இருவருக்கும் மார்க்கம் வேறு. அதை அவர்கள் மறந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இருவருமே அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கென்று அக்கா தனிச் சட்டி வைத்திருந்தார். வேறெதற்கும் அதை எடுப்பதில்லை. புது எண்ணெய் ஊற்றி முறுக்குச் சுட்டு அனுப்புவார். நோன்புக் காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் கஞ்சி போகும். ஹஜ்ஜுப் பெருநாளில் மாட்டிறைச்சி சமைத்த நாளாயினும், அக்கா வீட்டுக்குக் கோழிக் குழம்பு வேறு அடுப்பில் வேறு கரண்டியில் தயாராகும். இவ்வளவு கவனமாக ஒருவர் மனத்தை ஒருவர் காப்பதை நான் பெரிய மாநாடுகளிலும் கண்டதில்லை.

சண்டையும் உண்டு. ஒரு கோழி, எங்கள் வீட்டுக் கோழியா அவர்கள் வீட்டுக் கோழியா என்னும் வழக்கில் மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். அந்த மூன்று மாதமும் தூக்குச்சட்டி மட்டும் என் கையில் போய்வந்துகொண்டிருந்தது. கோழி யாருடையது என்பது இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

இவர்களோடு இன்னும் இருவர் சேர்ந்தனர். ஒருவர் தஞ்சோங் காராங்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து பலகாரம் விற்ற மலாய் மாது; நாங்கள் மாக்சிக் என்போம். மற்றவர் அக்காவின் பக்கத்து நிரையில் வெட்டியவர். நால்வருமாகப் பிடித்தது ஒரு கூட்டு. கூட்டு என்றால் மலேசிய வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டார் சீட்டு என்பார்கள். மாதம் ஆளுக்கு ஐந்து வெள்ளி. முறை வைத்து ஒருவர் எடுப்பார். பின்னர் ஆட்கள் கூடினார்கள், தொகையும் கூடியது. இதைத் தொழிலாக நடத்தி ஏழைகளை ஏமாற்றியவர்கள் பெருகியதால், 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் என்றே ஒன்று இந்நாட்டில் வந்தது. ஆனால் சமையலறைத் திண்ணையில் நடந்தது தொழிலன்று. யாருக்கு மருத்துவச் செலவு, யார் பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம் என்று அறிந்து, முறையை மாற்றி விட்டுக்கொடுப்பார்கள். பணத்தைக் காட்டிலும், மாதம் ஒருமுறை நால்வரும் கட்டாயம் ஒரிடத்தில் கூடியாக வேண்டும் என்னும் ஏற்பாடே அதில் பெரிது என்று இப்போது எண்ணுகிறேன்.

ஜப்பான் நாட்டு ஓகினாவாத் தீவில் இதற்கு ஒப்பான வழக்கம் ஒன்றுண்டு, 'மோஆய்' என்பார்கள். சிறு கூட்டமாகச் சேர்ந்து மாதந்தோறும் கூடி, பணம் போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்வார்கள். ஆயுள் முழுதும் ஒரே கூட்டத்தில் இருப்போரும் உண்டு. அத்தீவின் மூதாட்டிகள் நீண்ட ஆயுளுக்குப் பேர்போனவர்கள். அதற்கு அவர்கள் உண்ணும் உணவைக் காரணமாகச் சொல்வோர் பலர். இந்தக் கூட்டத்தையும் சேர்த்துச் சொல்வோர் உண்டு.

இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து அலமீடா வட்டாரத்தில் 6,928 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, பெர்க்மன், சைம் என்னும் இரு அறிஞர்கள் 1979இல் தம் முடிவை வெளியிட்டார்கள். உற்றார், நண்பர் தொடர்பு மிகுந்த பெண்களோடு ஒப்பிட, தொடர்பு மிகக் குறைந்த பெண்கள் அந்த ஒன்பது ஆண்டுகளில் இறந்த விகிதம் 2.8 மடங்கு இருந்தது, ஆண்களில் 2.3 மடங்கு. புகை, குடி, முன்னிருந்த நோய் ஆகியவற்றைக் கணக்கிலெடுத்துப் பார்த்தும் இந்த வேற்றுமை மறையவில்லை. தனிமையைக் கவனிக்கவென்றே 2018இல் பிரிட்டனும் 2021இல் ஜப்பானும் அமைச்சர்களை நியமித்தன. புக்கிட் ரோத்தானில் இந்த வேலையைக் கூட்டு எடுக்கும் கிழவிகள் சம்பளமில்லாமல் பார்த்து வந்தார்கள்.

சரி, இந்தச் சினேகிதங்கள் எப்படி உடைந்தன?

முதல் உடைப்பு 1969-70இல் வந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. சிவப்பு அடையாளக் கார்டோடு தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்தவர்களில் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்பர். கூட்டின் நான்காவது பெண்மணியும் அவர் கணவரும் அவர்களில் அடக்கம். 1970இல், அந்நாளில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்றிருந்த துறைமுகத்தில், ரஜூலா கப்பலடியில் என் தாயாரும் அக்காவும் நின்றார்கள். அந்த மாதக் கூட்டுப் பணம் முறை மாறி அந்தப் பெண்மணியின் முந்தானையில் முடிந்திருந்தது. தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து சில கடிதங்கள் வந்தன. எழுதத் தெரியாதவர் ஆகையால் யாரோ ஒரு வாத்தியார் கைப்பட எழுதியவை. எல்லாக் கடிதத்திலும் நலம், நலமறிய அவா என்பதற்கு மேல் ஒன்றுமிராது. ஒரு கடிதத்தில் மட்டும், இங்கே பேசுகிற பேச்சு எனக்குப் புரிகிறது, என் பேச்சுக்கு இவர்கள் சிரிக்கிறார்கள் என்றிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

இரண்டாவது உடைப்பு ஓசையின்றி வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, பக்கத்துப் பக்கத்து நிரை என்பது போயிற்று. குலை வெட்டுவது ஆண்களின் வேலை. பெண்களுக்கு மருந்தடிப்பதும் உதிர்ந்த பழம் பொறுக்குவதுமே மிஞ்சின. மருந்துப் பீப்பாயை முதுகில் சுமந்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒருவரோடொருவர் பேச வழியேது? பின்பு பல தோட்டங்கள் கைமாறின, நிலம் வீடமைப்புக்குப் போயிற்று, லயங்கள் காலியாயின. வீட்டுக்கு வீடு என்று பேசி ஈடு வாங்கியவர்களும் உண்டு, வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. ஈட்டுத் தொகையைக் கணக்கிடுகிறபோது அறையும் கூரையும் அளக்கப்படும். பக்கத்து வீடு யாருடையது என்பதற்கு அக்கணக்கில் பத்தி இல்லை. நாற்பது வருஷம் ஒரு சுவருக்கு இருபுறம் இருந்த இருவரில் ஒருவர் கிள்ளானுக்கும் ஒருவர் ரவாங்குக்கும் போனால், பேருந்து ஏறத் தெரியாத அவ்விருவருக்கும் அது ரஜூலா கப்பலேறியது போலத்தான்.

மூன்றாவது உடைப்பு பிள்ளைகளாகிய நாம் செய்வது. அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து கோல சிலாங்கூருக்கு 2011இல் புதிய நெடுஞ்சாலை திறந்தார்கள். அடுத்த வருஷம் அத்தா காலமானார். கடையைக் காலி செய்து, தாயாரை ஷா ஆலமில் ஒன்பதாம் மாடியிலிருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். எழுபத்து நான்கு வயதில் தனியே விடுவதா என்று ஊரார் கேட்பார்கள் என்பது ஒரு காரணம், அன்பும் காரணந்தான். வசதிக்குக் குறைவில்லை. தனியறை, மின்விசிறி, தொலைக்காட்சியில் தமிழ் நாடகம். என் மனைவி அவரைத் தன் தாயைப் போலவே பார்த்துக்கொண்டாள். எட்டு மாதத்தில் தாயார் பாதியாக இளைத்துவிட்டார். மருத்துவர்களிடம் காட்டினேன். இரத்தம் சரி, சர்க்கரை சரி, இருதயம் சரி. ஒருநாள் பலகணியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தவரிடம், "என்னம்மா பாக்குறீங்க?" என்றேன். "யாராச்சும் என்னை ஏ புள்ளன்னு கூப்பிட மாட்டாங்களான்னு பாக்குறேன்" என்றார். நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டேன். அறைக்குப் போன பிறகுதான் அது விளையாட்டில்லை என்று பட்டது.

அது முதல் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அவரைப் புக்கிட் ரோத்தானுக்கு அழைத்துப் போவதென்று வைத்துக்கொண்டோம். போகிற வழியில் நாற்பத்தைந்து நிமிஷமும் வாய் திறக்க மாட்டார். அக்கா வீட்டு வாசலில் இறங்கியதும் இருவரும் ஏககாலத்தில் பேசத் தொடங்குவார்கள். மாக்சிக் வந்து சேர்ந்தால் பாதி தமிழ், பாதி மலாய், மீதி சிரிப்பு. மூன்று மணி நேரம் என்ன பேசினார்கள் என்று கேட்டால், "ஒண்ணும் பேசலையே" என்பார். அதே மருந்தும் அதே உணவுந்தான். மூன்றே மாதத்தில் பழைய சட்டை அளவாகிவிட்டது.

முதியோர் நடவடிக்கை மையங்களைச் சமூகநலத் துறை பல ஊர்களில் நடத்தி வருகிறது. நல்ல காரியந்தான், வசதியுள்ளோர் பெரியவர்களை அங்கே கொண்டுபோய் விடுவதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஒரு மூதாட்டிக்குப் புதிய முகங்கள் பத்துப் பேரைக் காட்டுவதும், அவருடைய முதல் பிள்ளை பிறந்த இரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தியைக் காட்டுவதும் ஒன்றாகிவிடுமென்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒருத்தியிடம் இவர் இருபது வயதுப் பெண்ணாக இன்னும் இருக்கிறார். நம்மிடத்தில் அவர் எப்போதும் அம்மாதான், பேரப்பிள்ளைகளிடம் நன்னிதான்.

ஆகவே வாசகர்கள் இதைப் படித்து முடித்ததும் தம் தாயாரிடம் சில கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். உங்களைப் பேர் சொல்லியோ, வா போ என்றோ கூப்பிடுகிறவர்கள் இன்னும் யார் இருக்கிறார்கள்? அவர் வீடு எங்கே? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அவருடைய பிள்ளையின் தொலைபேசி எண் நம்மிடம் உண்டா? நம் சங்கத்தார் பெருநாள் விருந்துக்கு முதியோரை அழைக்கும்போது, ஒவ்வொருவரும் தம் சினேகிதி ஒருவரையும், எந்தச் சமயத்தவராயினும், உடன் அழைத்து வரலாமென்று அழைப்பிதழில் ஒரு வரி சேர்க்கலாம். வண்டிச் செலவு கொஞ்சம் கூடும். அவ்வளவுதான்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நின்றது. அக்காவின் பேத்தி தன் கைத்தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடிப்பாள். என் மகள் தன்னுடையதை என் தாயாருக்கு நேரே பிடிப்பாள். இருவரும் தொலைபேசியை நோக்கிக் கத்துவார்கள். மே மாதம் ஒருநாள் காலையில், நோன்பின்போது, அக்கா தூக்கத்திலேயே காலமானார். வயது எண்பத்து நான்கு. மாவட்டம் தாண்டிப் போக வழியில்லை. இறுதிச் சடங்குக்கும் சிலரைத்தான் அனுமதித்தார்கள். தாயார் அன்று நோன்பு திறந்ததும் ஒரு தூக்குச்சட்டியை எடுத்துக் கஞ்சி ஊற்றி மூடி மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். நாங்கள் யாரும் அதை எடுக்கவில்லை.

கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு நாங்கள் போன முதல் ஞாயிற்றில், அக்காவின் பேத்தி ஒரு பழைய கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். கூட்டுப் புத்தகம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அக்கா வீட்டில்தான் இருக்கும். கடைசிப் பக்கத்தில் என் தாயார் பெயருக்கு நேரே இரண்டு மாதம் பாக்கி என்றிருந்தது. தாயார் இருபது வெள்ளியை எண்ணி அவள் கையில் வைத்தார். "பாட்டி முறை யாரு போடுறது?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். தாயாரும் மாக்சிக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீதான்" என்றார் தாயார்.

இப்போது இரண்டாவது ஞாயிறு வந்தால், தாதியாக வேலை பார்க்கும் அந்தப் பிள்ளை, வேலை மாற்றிக்கொண்டாவது, பத்து வெள்ளியோடு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். சென்ற மாதம் மாக்சிக்கைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவளும் அவள்தான்.